யந்திரக் கை யாருக்குப் பயன்படும்?

மன்னார்குடிக்கு அருகேயுள்ள கிராமமொன்றிலிருந்து நேயர் ஒருவர் நமக்கு நீண்டதொரு கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய தந்தையாருக்கு வயது 61. ஐந்து மாதங்களுக்கு முன் ஒரு நாள் விடியற்காலையில் எழுந்திருக்க முயன்றபோது, வலது காலும் வலது கையும் தம்முடையவை அல்லாதன போல் கிடந்தனவாம். ஜனங்கள் பாரிச வாயு என்றும், வைத்தியர்கள் பக்ஷவாதம் என்றும் கூறும் நோய் அது. உயிர் தப்பியதே பெரிதென்று குடும்பத்தார் ஆறுதல் கொண்டனர். கால் ஒருவாறு தேறிவிட்டது. கோலூன்றி வாசல் வரையில் நடக்கிறார். கை மட்டும் தேறவில்லை. நகரத்திலுள்ள தனியார் வைத்தியசாலையொன்றுக்கு அழைத்துச் சென்றபோது, ரோபோ என்னும் யந்திரத்தின் துணைகொண்டு கைக்குப் பயிற்சி தரும் சிகிச்சை அங்கே உண்டென்றும், அதனால் பலர் குணமடைந்திருக்கின்றனர் என்றும் சொல்லி, ஒரு பெருந்தொகையைச் சீட்டில் எழுதிக் கொடுத்தனராம். அத்தொகைக்கு வழி, மிச்சமிருக்கும் மூன்று மா நஞ்சையை ஈடு வைப்பது ஒன்றே. ஈடு வைக்கலாமா என்று நேயர் கேட்கிறார்.

நாம் வைத்தியரல்லோம், சட்டம் படித்துப் பத்திரிகை நடத்த வந்தவர்கள். நோயாளியைக் கண்ணாற் காணாமல் அவருக்கு என்ன சிகிச்சை தகும் என்று சொல்லும் துணிவும் நமக்கில்லை. ஆயினும், இக்கேள்விக்குள் அடங்கியிருப்பது வைத்திய சாஸ்திரம் மட்டுமன்று. சாட்சியத்தை எடைபோடும் விஷயமும் அதில் இருக்கிறது. அது நமக்கு ஓரளவு பழக்கமான தொழில். மேலும், இதே நிலையிலுள்ள குடும்பங்கள் இந்நாட்டில் கணக்கற்றவை என்பதில் ஐயமில்லை. ஆதலின், கடிதத்துக்குத் தனியே பதில் எழுதியதோடு நில்லாமல், விஷயத்தை இவ்விடத்தில் சற்று விரிவாகவே எடுத்துரைக்கக் கருதுகிறோம்.

மூளைக்குச் செல்லும் ரத்தக் குழாய் அடைபட்டாலோ வெடித்தாலோ, அக்குழாயை நம்பியிருந்த மூளைப்பகுதி பட்டுப்போகிறது. இது நேயர்கள் அறிந்ததே. கையைப் பொறுத்த வரையில் முக்கியமானது வேறொன்று. மூளையின் மேற்பரப்பில் இயக்கத்துக்கென அமைந்த பகுதியிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கி வரும் நரம்பிழைகளின் கற்றை ஒன்றுண்டு. வரும் வழியில் அதன் பெரும்பகுதி இடம் வலமாக மாறிச் செல்வதனால்தான் இடப்பக்க மூளையின் சேதம் வலக் கையைத் தாக்குகிறது. நடப்பதற்கு வேறு சில நரம்பு வழிகளும் துணை நிற்கும். தோளுக்கும் ஓரளவு நிற்கும். ஆனால் விரல்களைத் தனித்தனியே நீட்டி மடக்கும் நுட்பமான செயலுக்கு மனிதன் பெரும்பாலும் இந்த ஒரு கற்றையையே நம்பியிருக்கிறான். கால் தேறியும் கை தேறாமல் நிற்பதன் காரணம் ஒருவாறு இதனால் விளங்கும். மூளைக்குள் உண்டான புண் பெரிதா சிறிதா என்பதைக் காட்டிலும், அப்புண் இந்தக் கற்றையின் மேல் விழுந்ததா, விழுந்திருந்தால் எவ்வளவு இழைகள் தப்பின என்பதே கையின் கதியைப் பெரிதும் நிர்ணயிக்கிறது. சிறு புண்ணும் தவறான இடத்தில் விழுந்தால் கை போகும். பெரும் புண்ணும் விலகி விழுந்தால் கை பிழைக்கும்.

இனி யந்திரத்தின் வரலாற்றைப் பார்ப்போம். அமெரிக்காவில் மாஸாச்சுஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் நெவில் ஹோகன், ஹெர்மானோ இகோ கிரெப்ஸ் என்பாரும் அவர்தம் கூட்டாளிகளும் 1989-ல் தொடங்கி உருவாக்கியது ‘எம்.ஐ.டி.-மானஸ்’ என்னும் யந்திரம். 1990-ஆம் ஆண்டுகளின் நடுவில் நியூயார்க் மாகாணத்திலுள்ள பர்க் வைத்தியசாலையில் அதை நோயாளிகளிடம் முதன்முதலாகப் பரீக்ஷித்தனர். நோயாளி ஒரு மேசையின் முன் அமர்ந்து, யந்திரக் கையின் பிடியைப் பற்றிக்கொள்கிறார். எதிரேயுள்ள திரையில் ஒரு புள்ளி தோன்றுகிறது. அதை நோக்கிக் கையை நகர்த்த வேண்டும். அவரால் இயன்ற மட்டும் யந்திரம் விட்டுக்கொடுக்கிறது. இயலாதவிடத்து மெல்லத் தாங்கி வழி நடத்துகிறது. தொழிற்சாலையில் இரும்பைத் தூக்கிப் போடும் முரட்டு யந்திரத்துக்கும் இதற்கும் உள்ள வேற்றுமை இதுவே. குழந்தைக்கு நடை பழக்கும் தாய், விழப்போகும்போது மட்டும் பிடித்து, மற்ற நேரத்தில் கையை விட்டுவிடுவது போல் இது நடந்துகொள்ளும்.

இதன் மேன்மையாகச் சொல்லப்படுவது திரும்பத் திரும்பச் செய்விக்கும் வல்லமையே. வைத்தியசாலைகளில் பக்ஷவாத நோயாளிகளுக்கு நடந்த பயிற்சிகளை உடனிருந்து எண்ணிப் பார்த்து 2009-ல் வெளியிட்ட கணக்கொன்று உண்டு. காரியத்தை ஒட்டிய கைப்பயிற்சி ஏறக்குறையப் பாதித் தடவைகளிலேதான் நடந்தது. நடந்தபோதும் ஒரு தடவைக்குச் சராசரி 32 அசைவுகளே. யந்திரமோ ஒரு மணி நேரத்தில் 1,000 அசைவு வரையில் செய்விக்கக்கூடியது. பழக்கத்தினாலன்றி மூளை புது வழி கண்டுபிடிப்பதில்லை என்பதை ஒப்புக்கொண்டால், 32 எங்கே, 1,000 எங்கே? யந்திரத்தைக் கண்டவர்கள் மகிழ்ந்தது வியப்பன்று.

ஆனால், பரீக்ஷைகள் பெரியனவாகப் பெரியனவாக மகிழ்ச்சி சிறுத்துக்கொண்டே வந்தது. இதனை மறைப்பதற்கில்லை.

முதற் பெரிய பரீக்ஷை அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான வைத்தியசாலைகளில் நடந்து 2010-ல் வெளிவந்தது. நோய் கண்டு குறைந்தது ஆறு மாதமாவது கழிந்த 127 பேரைச் சீட்டுப் போட்டது போல் மூன்று பிரிவாக்கினர். 49 பேருக்கு யந்திரப் பயிற்சி; 50 பேருக்கு யந்திரமின்றி, அதே அளவு தீவிரமான மனிதப் பயிற்சி; 28 பேருக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். முதல் இரு பிரிவினருக்கும் 12 வாரங்களில் 36 தடவை பயிற்சி. கையின் நிலையை அளப்பதற்கு ஸ்வீடன் தேசத்து பூகிள்-மேயர் என்பவர் 1975-ல் அமைத்த அளவுகோல் ஒன்றிருக்கிறது. கைக்கு அதில் முழு மார்க்கு 66. அவ்வளவுகோலின்படி 12 வாரங்களின் முடிவில், வழக்கமான கவனிப்புப் பெற்றவர்களைக் காட்டிலும் யந்திரப் பிரிவினர் 2.17 மார்க்கு அதிகம் பெற்றனர். அது தற்செயலாகவும் நேர்ந்திருக்கக்கூடிய அளவே. மனிதப் பயிற்சி பெற்றவர்களோடு ஒப்பிட்டாலோ வேற்றுமை ஏறக்குறைய ஒன்றுமில்லை. 36 வாரங்களுக்குப் பின் பார்த்தபோது, வழக்கமான கவனிப்பைவிட 2.88 மார்க்கு மேம்பாடு இருந்தது. நோயாளி தாமே உணரத்தக்க மாறுதலுக்குச் சுமார் ஐந்து மார்க்காவது வேண்டும் என்று வைத்தியர்கள் பொதுவாகக் கருதுகின்றனர்.

2014-ல் ஸ்விட்ஸர்லாந்திலிருந்து வந்த முடிவும் இவ்வகையினதே. ‘ஆர்மின்’ என்னும் யந்திரம் கொண்டு எட்டு வாரம் பயிற்றியதில், மனிதப் பயிற்சியைக் காட்டிலும் அதிகம் கிடைத்தது 0.78 மார்க்கு.

யாவற்றிலும் பெரியது பிரிட்டனில் நடந்தது. 770 நோயாளிகள், நான்கு மையங்கள், 2014 ஏப்ரல் முதல் 2018 ஏப்ரல் வரை நான்கு ஆண்டு, நியூகாஸிலைச் சேர்ந்த ஹெலன் ராட்ஜர்ஸ் தலைமையில் நடந்து, 2019-ல் ‘லான்ஸெட்’ பத்திரிகையில் வெளிவந்தது. இங்கும் மூன்று பிரிவுகளே. யந்திரத்துக்கும் மனிதப் பயிற்சிக்கும் சம அளவு நேரம்: தடவைக்கு 45 நிமிஷம், வாரம் மூன்று நாள், 12 வாரம். இப்பரீக்ஷையில் வெற்றியை அளந்தது கை அசைகிறதா என்பதைக் கொண்டன்று. கையால் காரியம் ஆகிறதா என்பதைக் கொண்டு. பொருளைப் பற்றுதல், தூக்குதல், கிள்ளி எடுத்தல் ஆகியவற்றுக்கு 57 மார்க்குள்ள வேறோர் அளவுகோலைக் கையாண்டனர். மூன்று மாத முடிவில் யந்திரப் பிரிவில் 100-க்கு 44 பேரும், மனிதப் பயிற்சிப் பிரிவில் 50 பேரும், வழக்கமான கவனிப்பில் 42 பேரும் வெற்றி கண்டனர். இவ்வேற்றுமைகள் யந்திரத்தின் பெயரால் பற்று எழுதத்தக்கவை அல்ல என்பதே கணக்கர்களின் தீர்ப்பு. கைக்கு அசைவு சற்றுக் கூடியது உண்மை. ஆனால் உடுத்தல், உண்ணல், குளித்தல் ஆகிய அன்றாடக் காரியங்களுக்கு அது வந்து சேரவில்லை. திரையில் புள்ளியைத் துரத்தப் பழகிய கை, சட்டைப் பொத்தானைப் போடவும் பழகிவிடும் என்று எதிர்பார்த்தது மிகையென்று தெரிகிறது.

இதற்கு எதிர்ச்சாட்சியும் உண்டு. அதனை மறைத்தால் நாம் நியாயவாதியாகோம். 45 பரீக்ஷைகளையும் 1,619 நோயாளிகளையும் ஒன்று சேர்த்து ஆராய்ந்த காக்ரேன் தொகுப்பு 2018-ல் வெளிவந்தது. யந்திரப் பயிற்சியால் கையின் செயலும் வலிமையும் அன்றாடக் காரியங்களும் மேம்படுகின்றன என்பது அதன் முடிவு. ஆயினும், அம்மேம்பாடு நோயாளியின் வாழ்க்கையில் பொருட்படுத்தத்தக்கதா என்னும் கேள்வியை அதுவும் திறந்தே விட்டது.

இவ்விடத்தில்தான் யந்திரத்துக்காக வாதாடுவோர் எழுந்து ஓர் ஆக்ஷேபணை கூறுகின்றனர். “சராசரியைக் கொண்டு தீர்ப்புக் கூறாதீர்கள். நூறு பேரில் இருபது பேருக்கு மிகுந்த பயனும் எண்பது பேருக்குப் பூஜ்யமும் விளைந்தால், சராசரி அற்பமாகவே இருக்கும். அந்த இருபது பேர் யார் என்று முன்கூட்டியே கண்டுபிடித்து, அவர்களுக்கு மட்டும் யந்திரத்தைக் கொடுத்தால் என்ன?” என்பது அது. இது நல்ல ஆக்ஷேபணையே. நமது நேயருடைய கேள்வியும் உண்மையில் இதுதான். அவர் தந்தை அந்த இருபதில் ஒருவரா, எண்பதில் ஒருவரா?

ஆனால் இதற்கு விடை தேடப் புறப்பட்டவர்களில் பலர் வழியில் ஒரு பள்ளத்தில் விழுந்திருக்கின்றனர். அதனைச் சற்று நின்று பார்க்க வேண்டும்.

தஞ்சை ஜில்லா விவசாயிக்கு இதனை விளக்குவது எளிது. ஒருவன் புதுவித எரு ஒன்றைக் கொண்டுவந்து விற்கிறான் என்று வைத்துக்கொள்வோம். தன் எருவினால் அமோகமாக விளைந்ததென்று ஒரு வயலைக் காட்டுகிறான். அது வாய்க்காலின் தலைமடை வயல். எரு போட்டாலும் போடாவிட்டாலும் விளைந்திருக்கக்கூடிய நிலம். மற்றொரு புறம் களர் நிலம் கிடக்கிறது. அதில் எந்த எருவைக் கொட்டினாலும் முளைப்பதில்லை. இவ்விரண்டையும் பார்த்துவிட்டு, “நல்ல நிலத்தில் எரு பயன்படுகிறது, களரில் பயன்படுவதில்லை” என்று ஒருவன் எழுதினால், அவன் நிலத்தைப் பற்றி உண்மை சொன்னானே யொழிய, எருவைப் பற்றி ஒன்றும் சொன்னானில்லை. எருவின் மெய்யான குணத்தை அறிய வேண்டுமானால் ஒரே தன்மையுள்ள இரண்டு வயலை எடுத்து, ஒன்றில் எரு போட்டும் மற்றொன்றில் போடாமலும் பார்க்க வேண்டும். தலைமடையில் அவ்விதம் செய்து வேற்றுமையைக் குறித்துக்கொள்ள வேண்டும்; கடைமடையில் செய்து குறித்துக்கொள்ள வேண்டும்; களரிலும் செய்ய வேண்டும். எந்நிலத்தில் வேற்றுமை பெரிதோ அந்நிலத்துக்கே எரு. விளைச்சல் மிகுந்த நிலமும், எருவினால் விளைச்சல் மிகுந்த நிலமும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்னும் நியதியில்லை.

கையின் விஷயமும் இஃதே. ‘இவருக்குக் கை தேறுமா?’ என்பது ஒரு கேள்வி. ‘யந்திரத்தினால், அஃதின்றித் தேறக்கூடியதைவிட அதிகம் தேறுமா?’ என்பது மற்றொரு கேள்வி. முதலாவதற்கு விடை சொல்லிவிட்டு இரண்டாவதற்குக் கட்டணம் வாங்குவது எளிதாக நடக்கிறது. யந்திரப் பயிற்சி பெற்றவர்களை மட்டும் எடுத்து, அவர்களுள் தேறியவர் யார், தேறாதவர் யார் என்று பிரித்துக் காட்டும் ஆராய்ச்சிகள், பிரதிவாதி ஆஜராகாத வழக்கில் பெற்ற ஒருதலைத் தீர்ப்பையே ஒக்கும். அத்தகைய தீர்ப்பு பெரும்பாலும் சரியாகவே இருக்கலாம். ஆனால் அதன்மேல் நிலத்தை ஈடு வைக்கும்படி எந்தக் கட்சிக்காரருக்கும் நாம் யோசனை சொன்னதில்லை.

முதற் கேள்விக்கு, அதாவது கை தேறுமா என்பதற்கு, இன்று நல்ல விடைகள் கிடைத்திருக்கின்றன. அவற்றில் மிக அழகியது மிக எளியதாயிருப்பது நமக்குத் தனி மகிழ்ச்சி. 2010-ல் ஹாலந்து தேசத்தார் வெளியிட்டது அது. நோய் கண்ட 72 மணி நேரத்துக்குள் நோயாளி தம் விரல்களைச் சிறிதேனும் நீட்டவும், தோளைச் சிறிதேனும் பக்கவாட்டில் உயர்த்தவும் முடிகிறதா என்று பார்த்தனர். இரண்டும் முடிந்தவர்களில் 100-க்கு 98 பேர் ஆறு மாதத்தில் கையை ஓரளவேனும் உபயோகிக்கும் திறமையைப் பெறக்கூடியவர்கள். இரண்டும் முடியாதவர்களில் 25 பேர் மாத்திரமே. இதற்கு மின்சாரமும் வேண்டுவதில்லை, பணமும் வேண்டுவதில்லை. படுக்கையருகே ஒரு நிமிஷம் நின்று, “விரலை நீட்டுங்கள் ஐயா” என்று கேட்டால் போதும்.

நியூஜீலந்தில் ஆக்லந்து நகரத்து கேத்தி ஸ்டைனியர் என்னும் அம்மையார் இதனை மேலும் வளர்த்து, 2017-ல் ஒரு முறையாக்கினார். மூன்றாம் நாளில் தோள் உயர்த்தும் வலிமைக்கு ஐந்து, விரல் நீட்டும் வலிமைக்கு ஐந்து, ஆகப் பத்து மார்க்கு. ஐந்தும் அதற்கு மேலும் வாங்கியவருக்கு, வயதையும் சேர்த்துப் பார்த்து, கை நன்கு தேறும் என்று சொல்லிவிடலாம். ஐந்துக்குக் குறைந்தவருக்கு மட்டும் அடுத்த பரீக்ஷை: தலையின்மேல் ஒரு காந்தச் சுருளை வைத்து, வெளியிலிருந்தே மூளையைத் தூண்டி, கைத் தசையில் பதில் துடிப்பு எழுகிறதா என்று பார்த்தல். துடிப்பு எழுந்தால் நாம் முன் சொன்ன நரம்புக் கற்றை முழுவதும் அறுபடவில்லை என்பது பொருள். கை அசையாமற் கிடப்பினும் நம்பிக்கைக்கு இடமுண்டு. எழாவிட்டால், நோயின் கடுமையைக் கொண்டு, சிறிதளவு தேறும் அல்லது தேறாது என்று கூறுகின்றனர். இம்முறை நாலில் மூன்று பேருக்குச் சரியாகச் சொல்கிறது. அதனைக் கையாண்டபோது, நோயாளிகள் வைத்தியசாலையில் தங்கும் காலம் 17 நாளிலிருந்து 11 நாளாகக் குறைந்ததென்றும், கை தேறியதில் குறைவொன்றும் நேரவில்லையென்றும் தெரிந்தது. வருவதை முன்கூட்டி அறிவதில் இத்தகைய லாபமும் உண்டு.

இதே துறையில், அறிஞர்களும் தடுக்கி விழுந்த கதையொன்றையும் நேயர்கள் அறிதல் நலம். இழந்த திறமையில் ஏறக்குறைய 100-க்கு 70 பங்கை ஒவ்வொரு நோயாளியும் மீளப் பெறுகிறார் என்றும், மிகக் கடுமையான சிலரே விலக்கு என்றும் 2008 முதல் ஒரு விதி பேசப்பட்டு வந்தது. பல தேசத்தாரும் அதனை மெய்யென்று காட்டினர். 2019-ல் கணக்கர்கள் வந்து பார்த்தபோது, அவ்விதியின் வலிமையில் பெரும்பகுதி மூளையிலிருந்து வந்ததன்று, கணக்குப் போட்ட முறையிலிருந்து வந்தது என்று வெளிப்பட்டது. தொடக்க நிலையை அதே தொடக்க நிலை அடங்கிய மாறுதலோடு ஒப்பிட்டால், ஒன்றுமில்லாதவிடத்தும் உறவு இருப்பதுபோல் தோன்றும். 66 என்னும் உச்ச வரம்புள்ள அளவுகோல் அத்தோற்றத்தை மேலும் பெருக்கியது. பதினோராண்டு அறிஞர் உலகம் நம்பியதே இவ்வாறாயின், ஒரு வைத்தியசாலையின் விளம்பரத் தாளில் அச்சிட்ட சதவீதத்தை நாம் எவ்வளவு நம்பலாம் என்பதை நேயர்களே தீர்மானித்துக்கொள்ளலாம்.

இரண்டாம் கேள்விக்கு, அதாவது யந்திரத்தால் பயன் பெறுபவர் யார் என்பதற்கு, கலிபோர்னியாவில் ஸ்டீவன் கிரேமரும் அவர் கூட்டத்தாரும் செய்த வேலை குறிப்பிடத்தக்கது. நோய் கண்டு நெடுநாளாகி, இனித் தாமாகத் தேறுவது நின்றுபோன நோயாளிகளை எடுத்து, யந்திரப் பயிற்சிக்கு முன்பே மூளையைப் படம் பிடித்து வைத்துக்கொண்டனர். புண்ணின் பருமன் பயனைச் சொல்லவில்லை. நரம்புக் கற்றையில் எவ்வளவு சேதம் என்பதே சொல்லிற்று. 2015-ல் அவர்கள் வெளியிட்ட மற்றோர் ஆராய்ச்சியில், கற்றையின் சேதத்தோடு, சேதமுற்ற பக்கத்து மூளைப்பகுதிகள் ஒன்றோடொன்று கொண்டுள்ள தொடர்பையும் சேர்த்துப் பார்த்தால் கணிப்பு மேலும் செம்மையாகிறது என்று கண்டனர். சுருங்கச் சொன்னால், வாய்க்கால் முழுவதும் தூர்ந்துபோகாதவருக்கே பயிற்சியால் நீர் பாய்கிறது. இது நியாயமான சாட்சியம்; தாமே தேறும் காலம் கடந்தவர்களானதால், கண்ட முன்னேற்றம் பயிற்சியினால் வந்ததென்று கொள்ள இடமுண்டு. ஆயினும் இவை இரண்டு மூன்று டஜன் பேருக்கு மேற்படாத சிறு கூட்டத்தில் செய்தவை. யந்திரமில்லாத பயிற்சி பெற்ற ஈடான கூட்டம் பக்கத்தில் இல்லாததால், பயன் யந்திரத்துக்கு உரியதா, வெறும் பயிற்சிக்கு உரியதா என்பதற்கு அவை சாட்சி கூறமாட்டா.

ஆகவே, யந்திரத்தின் பக்கம் கடைசியாக மிஞ்சி நிற்கும் வாதம் வேறு. அது மனிதனை வென்றுவிடவில்லை. மனிதனுக்குச் சமமாக நிற்கிறது. அமெரிக்கப் பரீக்ஷையின் செலவுக் கணக்கில், யந்திரப் பயிற்சிக்கு ஆளொன்றுக்கு 5,100 டாலருக்குச் சற்று மேலும், அதே அளவு மனிதப் பயிற்சிக்கு 7,300 டாலருக்கு மேலும் ஆயிற்று. பிரிட்டிஷ் பரீக்ஷையிலோ யந்திரம் செலவுக்கு ஈடான பயன் தரவில்லை என்று முடிவாயிற்று. பிஸியோதெரபிஸ்டுகள் போதிய அளவு கிடைக்காத தேசத்தில், ஒரு பிஸியோதெரபிஸ்டு நாலைந்து யந்திரங்களை மேற்பார்த்துக்கொண்டு நாலைந்து பேருக்கு ஒரே சமயத்தில் பயிற்சி தரக்கூடுமாயின், அது சிறு விஷயமன்று. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியாரும் சென்னை ஐ.ஐ.டி.யாரும் சேர்ந்து ‘புளூட்டோ’ என்னும் சிறு கைப்பயிற்சி யந்திரத்தை இக்கருத்துடனேயே அமைத்திருக்கின்றனர். மேசைமேல் வைக்கத்தக்கது; பிடிகளை மாற்றி மாட்டி மணிக்கட்டுக்கும் விரலுக்கும் வெவ்வேறு பயிற்சி தரலாம். வெளிநாட்டுப் பெரும் யந்திரத்தை இறக்குமதி செய்து, அதன் விலையை நோயாளியின் தலையில் ஏற்றுவதைவிட இவ்வழி நமக்கு உவப்பானது. விலை குறைந்தால் தவறான கணிப்பின் நஷ்டமும் குறையும் அன்றோ?

“யந்திரம் எதற்கு, வீட்டாரே பயிற்சி தந்தால் போதாதா?” என்று கேட்பாரும் உண்டு. குடும்பப் பாசத்தில் நம்பிக்கையுள்ள நமக்கும் அவ்வாறே தோன்றிற்று. அதையும் நம் தேசத்திலேயே பரீக்ஷித்துப் பார்த்துவிட்டனர். 14 வைத்தியசாலைகள், 1,250 நோயாளிகள். வீட்டார் ஒருவருக்குப் பயிற்சி முறைகளைக் கற்பித்து அனுப்பினர். முடிவு 2017-ல் வெளிவந்தது. ஆறு மாதத்தில் இறந்தவர்களும் பிறரை அண்டியே வாழ நேர்ந்தவர்களும், கற்பித்த பிரிவில் 100-க்கு 47, கற்பிக்காத பிரிவிலும் 47. கைக்கு மட்டும் செய்த பரீக்ஷையன்று அது. ஆயினும் பாசம் மட்டும் பயிற்சியாகிவிடாது என்பதை அது நமக்கு உணர்த்திற்று. இதனை எழுதுவது நமக்கு வருத்தமாகவே இருக்கிறது.

கணிப்பைப் பற்றி ஓர் அச்சத்தையும் சொல்லியாக வேண்டும். நாலில் மூன்று சரியென்றால் நாலில் ஒன்று தவறு. ‘தேறாது’ என்று மூன்றாம் நாளில் எழுதிவிட்ட கைக்கு அதன்பின் யார் பயிற்சி தருவார்? பயிற்சி தராததால் தேறாமல் போய், எழுதினவர் வாக்குப் பலித்ததென்று பெயர் வந்தாலும் வரும். தர்ம ஆஸ்பத்திரியில் இடமும் ஆளும் குறைந்திருக்கையில், கணிப்பு என்பது வாசற்கதவாகிவிடலாம். பணமுள்ளவன் கணிப்பு எப்படியிருந்தாலும் பயிற்சியை விலைக்கு வாங்கிக்கொள்வான். இல்லாதவனுக்குக் கணிப்பே தீர்ப்பாகிவிடும். நோயாளிக்குச் சிகிச்சையை மறுப்பதற்கு இக்கணிப்பைப் பயன்படுத்துவதானால், எவ்வளவு சாட்சியம் வேண்டுமோ அவ்வளவு இன்னும் சேரவில்லை என்பது நமது திடமான அபிப்பிராயம். தோள் வலியைத் தடுக்கவும், விறைத்த மூட்டு முடங்காமலிருக்கவும், இடக்கையால் எழுதவும் உண்ணவும் பழக்கவும் வேண்டிய உதவி, தேறாது என்று சொல்லப்பட்டவருக்கே அதிகம் தேவை.

நமது நேயருக்கு எழுதிய பதிலின் சாரம் வருமாறு. ஐந்து மாதம் கழிந்துவிட்டபடியால், மூன்றாம் நாளில் செய்ய வேண்டிய அந்தக் கணிப்பு அவர் தந்தைக்கு இனிப் பொருந்தாது. நிலத்தை இப்போது ஈடு வைக்க வேண்டாம். அவ்வைத்தியசாலைக்கு மறுபடியும் சென்று மூன்று விஷயங்களைக் கேட்க வேண்டும். ‘பலர் குணமடைந்தனர்’ என்றீர்களே, அவர்கள் யந்திரமின்றி அதே அளவு பயிற்சி பெற்றவர்களைவிட அதிகம் தேறினார்களா? தேறியது அசைவா, காரியமா: சோற்றைப் பிசைந்து வாயில் வைக்க முடிகிறதா, வேட்டியை இறுக்கிக் கட்ட முடிகிறதா? ஐந்தாறு தடவை பயிற்சியில் ஒரு மாறுதலும் காணாவிட்டால், மிச்சத் தொகையைத் திருப்பித் தருவீர்களா? மூன்றாவது கேள்விக்கு அவர்கள் சொல்லும் பதிலே மற்ற இரண்டுக்கும் அவர்களுடைய மெய்யான பதில் என்று கொள்ளலாம்.

யந்திரமே வேண்டாத வழியொன்றும் இருப்பதைத் தெரிவித்திருக்கிறோம். நல்ல கையை உறையிட்டுக் கட்டிவைத்து, விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதியும் நோயுற்ற கையையே உபயோகிக்கும்படி கட்டாயப்படுத்திப் பழக்குவது அது. அமெரிக்காவில் நோய் கண்டு மூன்று முதல் ஒன்பது மாதமான 222 பேரிடம் அதனைப் பரீக்ஷித்து 2006-ல் வெளியிட்டனர். இரண்டே வாரப் பயிற்சியில் வந்த மேம்பாடு ஓராண்டு வரையில் நின்றது. நேயருடைய தந்தையாருக்கு இன்னும் அக்காலம் கடக்கவில்லை. ஆனால் இச்சிகிச்சைக்கும் ஒரு நிபந்தனை உண்டு. மணிக்கட்டையும் விரல்களையும் ஓரளவேனும் தாமே நீட்ட வல்லவர்களையே அதற்கு எடுத்துக்கொண்டனர். நீட்ட முடியாதவரின் நல்ல கையையும் கட்டிவிட்டால், அது சிகிச்சையன்று, தண்டனையாகிவிடும்.

கடிதத்தில் நேயர் ஸ்கான் படத்தின் விவரத்தை எழுதியிருக்கிறார். ரத்த அழுத்தத்தை எழுதியிருக்கிறார். வைத்தியசாலை கேட்ட தொகையைக் காசு வரையில் எழுதியிருக்கிறார். நிலத்தின் சர்வே நம்பரைக்கூட எழுதியிருக்கிறார். விரல்களைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. தந்தையாரை மேசையருகே உட்காரவைத்து, விரல்களை நீட்டச் சொல்லிப் பார்த்து எழுதும்படி கேட்டிருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை.